மரியாதை கெட்ட முறை

ஆந்தை ஏரி
14 அக்டோபர் 1991

மச்சான்,

நீ எங்கள் ஊர் ஆபீசுக்கு எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே தபாலைப் பிரிப்பவள் நான்தான். "பிலோமின் பினேசி என்ற பெண்மணி தங்கள் பழங்குடி ரிசர்வில் எப்போதேனும் வசித்தாரா என்பதைத் தெரிவிக்க இயலுமா" என்று கேட்டிருந்தாய். வசித்தாராவது. இதோ என் ஜன்னலுக்கு வெளியே இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு, எதிரே வந்த நாயைத் திட்டிக்கொண்டு போகிறாள். அவள்தான் உன் அம்மா. என் அப்பா இசையாவின் கூடப்பிறந்த தங்கை, எனக்கு அத்தை. நாலு வயதில் உன்னை கவர்மெண்ட் ஆபீஸ்காரர்கள் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனபோது நான் உன்னைவிடச் சின்னவள். நீ என் கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கித் தின்பாய் என்று அப்பா சொல்வார். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

ஆள் அடையாளத்துக்கு போட்டோ வேறு வைத்திருந்தாய். நன்றி. ஆபீஸ் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. அந்தக் காதுகளை வைத்துக்கொண்டு காற்றடிக்கும் நாளில் எப்படி வெளியே போகிறாய்? மூக்குக்குக் கீழே இருப்பது மீசையா, இல்லை காலையில் சாப்பிட்டது ஒட்டிக்கொண்டிருக்கிறதா? கழுத்தில் டை கட்டியிருக்கிறாய். யாராவது இழுத்துக்கொண்டு போகவா? கிளைவ் ஹெதரிங்டன் என்ற பேரை எழுதி முடிப்பதற்குள் பேனாவில் மை தீர்ந்துவிடும் போலிருக்கிறது.

உன் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். வெளியே போய், ஏற்கெனவே பிளந்து அடுக்கியிருந்த விறகை எடுத்து மறுபடி பிளந்தாள். இப்போது அவள் வீட்டில் இருப்பதெல்லாம் பல்குத்தும் குச்சிதான்.

சரி, எப்போது வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறாய்? என் புருஷன் வில்ஃப்ரெட் குறட்டை விடுகிறான். உனக்காகத்தான் இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டேன். சீக்கிரம் வா.

ஆசையோடு,
உன் நீநிமோஷே
டெலிமா வாபூஸ்


ஹாமில்டன்
3 நவம்பர் 1991

மதிப்பிற்குரிய திருமதி வாபூஸ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. என் தாயார் உயிரோடு இருக்கிறார் என்ற செய்திக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்பதைச் சொல்லத் தெரியவில்லை. அந்த வரியைப் பலமுறை படித்தேன். நாயைத் திட்டும் இடத்தையும்தான்.

ஆனால் சில விஷயங்களைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. தங்கள் கடிதத்தை என் மனைவி மார்ஜரி எனக்கு முன்பே படித்துவிட்டாள். "நீநிமோஷே" என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாமல், வடக்கே நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு பாதிரியாரிடம் இருவருமாகப் போய்க் கேட்டோம். அவர் முகம் சிவந்துவிட்டது. "காதலி, ஆசைநாயகி" என்று பொருள் என்றும், தம் காலத்தில் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் பாவமன்னிப்புக் கூண்டில்தான் கேட்டதாகவும் சொன்னார். மார்ஜரி இப்போது தன் தங்கை வீட்டில் இருக்கிறாள். நான் மணமானவன், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவன், இந்த ஊரில் எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் காதுகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பள்ளியில் அவற்றைக் கிண்டல் செய்யாதவர்கள் கிடையாது. அங்கேயுமா என்று இருந்தது. நான் வருவதில் அங்கே யாருக்கும் விருப்பம் இல்லையென்றால் நேராகவே சொல்லிவிடலாம்.

சென்ற ஆண்டுதான் என் வளர்ப்புத் தாயார் பினேசி என்ற பெயரையும் உங்கள் ஊர்ப் பெயரையும் சொன்னார். அதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. "உன்னை நீயே கண்டடையும் பயணம்" என்று ஒரு முகாம் நடந்தது, அதற்கும் போனேன். பைன் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடினோம். அவரவர் உள்ளே இருக்கும் விலங்கு தானாகத் தோன்றும் என்றார் நடத்தியவர். மற்றவர்களுக்கு ஓநாயும் கழுகும் வந்தன. எனக்கு அணில் வந்தது. அதுவும் சரியாகத் தெரியவில்லை.

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "உன் அம்மாவே உன்னைக் கொடுத்துவிட்டாள்" என்று என்னை வளர்த்தவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா? தாயாரை நேரில் பார்த்துக் கேட்க விரும்புகிறேன். அவருக்கு வசதியான தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டால், அதற்கேற்ப அப்பாயின்ட்மென்ட் பெற்றுக்கொள்வேன்.

தங்கள் உண்மையுள்ள,
கிளைவ் ஹெதரிங்டன்


ஆந்தை ஏரி
20 நவம்பர் 1991

என் ஆசை மச்சான் அப்பாயின்ட்மென்ட் அவர்களுக்கு,

ஆமாம், இனிமேல் இங்கே உனக்கு அதுதான் பேர். உன் கடிதத்தை ஆபீசில் சத்தமாகப் படித்தேன். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஊர்த் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, பெத்த தாயைப் பாக்கறதுக்கு அப்பாயின்ட்மென்ட் கேட்டிருக்கானாமே ஒருத்தன், அவன் எப்ப வர்றான்? நான் வேட்டைக்குப் போறதை ஒத்தி வச்சுக்கிறேன்" என்கிறார்.

பாதிரியார் சொன்னது தப்பில்லை, பாதிதான் சொன்னார். அத்தை பெற்ற பையனுக்கும் மாமன் பெற்ற பெண்ணுக்கும் எங்கள் பேச்சில் அந்த ஒரே சொல்தான். நீ என் முறைப்பையன், நான் உன் முறைப்பெண். கட்டினாலும் கட்டாவிட்டாலும் முறை முறைதான். முறைக்காரனைக் கிண்டல் செய்யாவிட்டால் ஊரார் என்னைத்தான் கேட்பார்கள், "என்னடி, உங்களுக்குள்ள சண்டையா?" என்று. இங்கே மரியாதையாகப் பேசுவது வெளியாளிடம். கவர்மெண்ட் அதிகாரி வந்தால் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, சார் சார் என்போம். போனதும் கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்போம். உனக்கு நாற்காலி வேணுமா, சொல். கிண்டல் பண்ணாத இடத்தில் சொந்தம் இல்லை மச்சான், இதை எழுதி வைத்துக்கொள்.

மார்ஜரிக்குச் சொல்: என் முறைப்பையனைக் கட்டியவள் எனக்கு அக்கா. ஒரே ஆளுக்கு இரண்டு பேர் என்றால் அக்கா தங்கைதானே. அதனால் கோபத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வரச் சொல். அதேபோல வில்ஃப்ரெட் உனக்குப் பங்காளி. நான் உனக்கு எழுதும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தக் காதைப் பத்தி இன்னும் ரெண்டு வரி போடு" என்கிறான்.

அணில் விஷயம். விலங்கை நீயாகக் கண்ணை மூடிப் பார்த்து எடுத்துக்கொள்ள முடியாது. அது அப்பன் வழியில் வரும் குலம். உன் அப்பா பக்கத்து ஏரிக்காரர், கெளுத்தி மீன் குலம். பாவம், நீ பிறக்கும் முன்பே படகு கவிழ்ந்து போய்விட்டார். நீ கெளுத்தி. அந்த மீசையைப் பார்த்ததுமே நான் நினைத்தேன். முயல் கிடைக்காத வருஷத்தில் நாங்கள் அணிலைப் பிடித்து சூப் வைப்போம், அதற்குமேல் அதற்கு இங்கே மதிப்பில்லை.

நீ கேட்ட அந்த ஒன்று. அதற்குப் பதில் எனக்கு ஓரளவு தெரியும். ஆனால் அது என் வாயால் வரக்கூடாது. அத்தைக்குச் சொந்தமானதை நான் எடுத்துக் கொடுக்க முடியாது. நீ வா, அவளே சொல்வாள்.

அவள் உனக்கு மூஸ் மான் தோலில் செருப்பு தைக்க ஆரம்பித்திருக்கிறாள். முதலில் அளவே கேட்காமல் தோலை வெட்டினாள். வெட்டியது சின்னப் பிள்ளையின் கால் அளவுக்கு. அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, "அவன் கால் இப்ப எவ்ளோ பெருசு இருக்கும்?" என்று என்னைக் கேட்டாள். ஒரு தாளில் காலை வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு.

உன் டெலிமா


ஹாமில்டன்
9 டிசம்பர் 1991

அன்புள்ள டெலிமா அவர்களுக்கு,

மார்ஜரி வீட்டுக்கு வந்துவிட்டாள். உங்கள் கடிதத்தைத் தானே கேட்டு வாங்கிப் படித்தாள். உங்களை அக்காவாக ஏற்பதா தங்கையாக ஏற்பதா என்பது வயது தெரிந்த பிறகு முடிவாகுமாம். அதற்கிடையில், நான் துண்டை ஈரத்தோடு கட்டில்மேல் போடுவதைப் பற்றி உங்களிடம் புகார் செய்யும் உரிமை தனக்கு உண்டா என்று கேட்கச் சொன்னாள்.

கால் அளவை இணைத்திருக்கிறேன். வடக்கே குளிர் அதிகம் என்பதால், பனிக்கால பூட்ஸ் அணிந்த நிலையில்தான் கோடு போட்டேன். அதுதான் துல்லியமாக இருக்கும் என்று தோன்றியது.

நீங்கள் விளக்கிய வழக்கத்தைப் பற்றி நிறைய யோசித்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் எப்போதும் மரியாதையாகவே பேசிக்கொண்டார்கள். உப்பு வேண்டுமென்றால்கூட, "சிரமம் இல்லையென்றால்" என்று ஆரம்பிப்போம். நல்லவர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் சாப்பாட்டு மேசையில் நான் விருந்தாளியோ என்று பல தடவை தோன்றியிருக்கிறது. ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது. ஆகவே நானும் பழகத் தொடங்குகிறேன்: உங்கள் கையெழுத்து அவ்வளவு தெளிவாக இல்லை. (இது கிண்டல்.)

பிப்ரவரியில், ஏரி உறைந்து பனிச்சாலை திறந்ததும், என் காரிலேயே வருகிறேன். பாதிரியாரிடம் வாரம் தவறாமல் பாஷை கற்கிறேன். நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. அம்மாவைப் பார்த்ததும் சொல்வதற்கென்று ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். நீங்கள் சொல்லிக் கொடுத்த முறைப்படி, சொந்தக்காரன் பேசுவது போல இருக்கும். என்னவென்று இப்போது சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
கிளைவ்


ஆந்தை ஏரி
8 ஜனவரி 1992

மச்சான்,

பிராக்கெட் போட்டுக் கிண்டல் பண்ணிய முதல் மனுஷன் நீதான். அந்தத் தாளை ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

உன் கால் கோட்டைப் பார்த்து அத்தை பயந்துபோனாள். "இது காலா, இல்ல படகு கட்டறதுக்கு அளவா?" என்று கேட்டாள். பூட்ஸோடு கோடு போட்டிருக்கிறாய் என்று நான் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? வில்ஃப்ரெட் மறுபடி ஒரு மூஸ் அடிக்கப் போயிருக்கிறான், இருக்கிற தோல் ஒரு காலுக்குத்தான் வரும் என்று. மார்ஜரியிடம் சொல், ஈரத்துண்டுப் புகாரைப் பதிவு செய்துகொண்டேன். வரும்போது விசாரணை உண்டு.

ஏரியில் பனி கெட்டியாகிவிட்டது. சாலையில் கம்பு நட்டிருப்பார்கள், அதை விட்டு விலகாதே. நீ ஊருக்கே கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவன், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் போட்டோவில் பார்த்த முகத்தில் அவ்வளவு நம்பிக்கை வரவில்லை.

ஒரு சனிக்கிழமையாகப் பார்த்து வந்து சேர். அன்றைக்கு மண்டபத்தில் பிங்கோ, நம்பர் படிக்கப் படிக்கச் சீட்டில் அடிக்கிற ஆட்டம். ஊரே அங்கேதான் இருக்கும், அத்தையும் இருப்பாள். கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்தால் இரண்டு பேருக்குமே கூச்சம் இருக்காது.

டெலிமா


ஆந்தை ஏரி
24 பிப்ரவரி 1992

மதிப்பிற்குரிய திரு. கிளைவ் ஹெதரிங்டன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என நம்புகிறோம். தாங்கள் மண்டபத்தில் விட்டுச் சென்ற தொப்பியையும், தங்கள் வாகனத்தின் கூரையிலிருந்து கழன்று விழுந்த "ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி" என்ற பலகையையும் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறோம்.

திருமதி பிலோமின் பினேசி நலமாக இருக்கிறார்.

எங்கள் ஊருக்கு வருகை தந்தமைக்கு நன்றி.

இப்படிக்கு,
டெலிமா வாபூஸ் (திருமதி)
அலுவலக உதவியாளர்


ஹாமில்டன்
9 மார்ச் 1992

டெலிமா,

திரு. ஹெதரிங்டனா? அவர்களுக்கா? நீயா அப்படி எழுதினாய்?

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சமையலறையில் நின்று அழுதேன். மார்ஜரி ஓடிவந்து, யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று கேட்டாள். "எனக்கு நாற்காலி போட்டுவிட்டார்கள்" என்று சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

நான் என்ன தப்புச் செய்தேன், சொல். வந்தேன். கார் பனிச்சேற்றில் சிக்கியது, வில்ஃப்ரெட் பனிவண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். கூரையில் "ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி" பலகையோடு நான் இழுபட்டு வருவதை ஊரே வாசலில் நின்று பார்த்தது. பரவாயில்லை. மண்டபத்தில் ஆளாளுக்குக் கையைக் குலுக்கி என் காதை இழுத்துப் பார்த்தார்கள். அதுவும் பரவாயில்லை, சந்தோஷமாகவே இருந்தது. அப்புறம் நீ என்னை அம்மாவின் மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். நீலத் தலைத்துணி கட்டிக்கொண்டு, இவ்வளவு சின்ன உருவமாக உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு மாதம் குளித்துக்கொண்டே பயிற்சி செய்த வாக்கியத்தைச் சொன்னேன். "நீதானே என்னைத் தொலைச்ச பொம்பளை?"

அது கிண்டல், டெலிமா. ஒரு கையுறையைத் தொலைத்தது போல, தொப்பியைத் தொலைத்தது போல. சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரித்துவிட்டால், கொடுத்தாளா இல்லையா என்பதைக்கூட நான் அப்புறம் கேட்டிருக்கவே மாட்டேன். நம்பர் படிக்கிறவர் வாயைத் திறந்தபடி நின்றார். அம்மா பேனாவைக் கீழே வைத்தாள், கோட்டைப் போட்டாள், ஒவ்வொரு பித்தானாகப் போட்டாள், போய்விட்டாள். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதோடு நானும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கிண்டல் பண்ணாத இடத்தில் சொந்தம் இல்லை, எழுதி வைத்துக்கொள் என்று யார் எழுதியது? எழுதி வைத்துக்கொண்டேனே. ஓட்டை வாய்க்காரி, ஊர்த் தபாலையெல்லாம் பிரித்துப் படிக்கிறவளே, கையெழுத்தைப் பார், கோழி கிளறிய மாதிரி. நான் பன்னிரண்டு வருஷமாகக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆக்சிலேட்டரை மட்டும் காட்டிவிட்டு, பிரேக் எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் ஒருத்தரையும் ரோட்டில் இறக்கியதில்லை. நீ இறக்கிவிட்டாய். அதுவும் உறைந்த ஏரியில்.

எனக்கு அம்மா கிடையாது என்றால், அதையாவது மரியாதை இல்லாமல் சொல்லித் தொலை.

கிளைவ்


ஆந்தை ஏரி
25 மார்ச் 1992

ஏ கெளுத்தி மீசை மச்சான்,

இப்போதுதான் நீ ஆம்பளை. இப்படி ஒரு கடிதத்துக்காகத்தான் அக்டோபரிலிருந்து காத்திருக்கிறேன். ஓட்டை வாய்க்காரியா? வில்ஃப்ரெட் எழுந்து நின்று கைதட்டினான். பிராக்கெட் ஒன்றுகூட இல்லை.

தப்பு என்மேல்தான். பிரேக்கைக் காட்டாமல் விட்டேன், ஒத்துக்கொள்கிறேன். எங்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை, அதனால் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. இப்போது கேட்டுக்கொள். கிண்டல் முறைக்காரர்களிடம் மட்டும். உனக்கு நான், என் அண்ணன் தம்பிகள், அவ்வளவுதான். அம்மா அப்பாவிடம் கிண்டல் கிடையாது. பெற்றவளிடம் பிள்ளை பல்லைக் காட்டிப் பேசி இந்த ஊர் பார்த்ததே இல்லை. நீ அதை ஊர் நடுவில், அவள் முகத்துக்கு நேராகச் செய்தாய். சரி, அதைக்கூட வழக்கம்போல் உளறியிருந்தால் தப்பித்திருப்பாய். நீ அன்றைக்குப் பேசியதில் எங்களுக்கு எதுவுமே விளங்கவில்லை, "தண்ணீர் குடு" என்பதற்குப் பதில் "வாத்தைக் குடு" என்றாய். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கோயிலில் படிக்கிற மாதிரி சுத்தமாகச் சொல்லித் தொலைத்தாய். அந்தப் பாதிரியாரை நான் ஒரு நாள் பார்க்க வேண்டும்.

அவள் அதைக் கிண்டலாகவே எடுத்துக்கொள்ளவில்லை மச்சான். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். "அவன் சொன்னது நெசந்தானே. தொலைச்சவதானே நான்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். நீ தீர்ப்புச் சொல்ல வந்தாய், சொன்னாய், போய்விட்டாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் எனக்கு உன்மேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது, மரியாதையெல்லாம் வந்தது. அவள் இன்னும் பிங்கோவுக்குப் போகவில்லை.

ஆனால் ஒன்று கவனித்தேன். இரண்டாவது செருப்பையும் தைத்து முடித்துவிட்டாள். வேண்டாம் என்று முடிவு பண்ணிய பொம்பளை இரண்டாவது காலுக்கு மணி கோத்துக்கொண்டிருப்பாளா? அதனால் நீ திரும்ப வர வேண்டும். ஜூனில் பனி உருகி ஏரி தெளிந்ததும் மிதவை விமானத்தில் வா. காரையும் அந்தப் பலகையையும் அங்கேயே விட்டுவிடு.

வந்து என்ன பேச வேண்டும் என்று கேட்காதே. பேசாதே. அம்மா வீட்டுக்கு வந்த பிள்ளை போய்த் தண்ணீர் சுமப்பான், விறகு பிளப்பான், போட்டதைத் தின்பான், தூங்குவான். அதைச் செய். மன்னிப்புக் கேட்கிறேன் என்று வாயைத் திறந்து இன்னொரு வாக்கியத்தைப் பாதிரியாரிடம் கற்றுக்கொண்டு வந்தாயோ, ஏரியில் தள்ளிவிடுவேன்.

நான் அப்போது ஊரில் இருக்க மாட்டேன். வயிற்றில் ஒன்று இருக்கிறது. பேறுகாலத்துக்கு முன்கூட்டியே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார வேண்டும், இங்கே டாக்டர் கிடையாது. பேச்சை வில்ஃப்ரெட் மாற்றிச் சொல்வான். அவனுக்கு வாய் கொஞ்சம் கம்மி, பொறுத்துக்கொள்.

உன் நீநிமோஷே


ஆந்தை ஏரி
19 ஜூன் 1992

மாமன் மகளே,

நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து கொழுத்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். பிறக்கப்போகிறது உன் வாயோடு பிறக்காமல் இருக்க வேண்டும் என்று இங்கே எல்லோரும் வேண்டிக்கொள்கிறார்கள். கவலைப்படாதே, வில்ஃப்ரெட் நன்றாகத் தூங்குகிறான். குறட்டையைப் பற்றி நீ சொன்னது குறைச்சல்.

நான் வந்து பத்து நாள் ஆகிறது. மார்ஜரியும் வந்திருக்கிறாள், கருஈக்கள் அவளைத் தின்றுகொண்டிருக்கின்றன, ஆனாலும் போக மாட்டேன் என்கிறாள். நீ சொன்னபடியே செய்தேன். விமானத்திலிருந்து இறங்கினேன், வீட்டுக்குப் போனேன், வாளியை எடுத்தேன். அம்மா அடுப்படியில் நின்றபடி பார்த்தாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். மீன் வறுத்து, ரொட்டி வைத்து, "சாப்பிடுங்க" என்றாள். உங்கள் பாஷையில் அந்த "ங்க" கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனால் தட்டை இரண்டு கையாலும் என் முன்னால் வைத்து, தான் உட்காராமல் நின்றாளே, அதில் இருந்தது. எனக்கு நாற்காலி போட்டிருந்தாள் டெலிமா. வீட்டில் இருப்பதே இரண்டு நாற்காலி, அதில் நல்லதை.

ஐந்தாறு நாள் இப்படியே போனது. பிளப்பதற்கு விறகு தீர்ந்துபோய் உன் வீட்டு விறகையும் பிளந்துவிட்டேன். செருப்பைக் கொண்டுவந்து வைத்தாள். போட்டேன். நடந்தால் கால் வருகிறது, செருப்பு அங்கேயே நிற்கிறது. உள்ளே மூன்று ஜோடி காலுறை போட்டுக்கொண்டு திரிகிறேன். அவள் என் காலைப் பார்ப்பாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வாயோரம் துடிக்கும். சிரிக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வில்ஃப்ரெட்டைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். தானாகவே பேச ஆரம்பித்தாள். டீ ஆறும்வரை பேசினாள், கையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. முடித்தாள். வில்ஃப்ரெட் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னிடம் சொன்னான்: "கஷ்டமா இருந்துச்சாம்."

அவ்வளவுதானா என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப" என்றான்.

உன் புருஷன் கழுத்தை நெரிக்காமல் விட்டேன் என்றால் உனக்காகத்தான். "பங்காளி, வரிவரியாச் சொல்லு" என்று கெஞ்சினேன். அப்புறம் சொன்னான். அவளுக்குக் காசநோய் வந்து தெற்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னை உன் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனாள். அவர் வலை போடப் போயிருந்த நாளில் ஆபீஸ்காரர்கள் வந்து, குளிர்காலம் முடியும்வரைக்கும்தான் என்று சொல்லி என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு வருஷம் கழித்து அவள் குணமாகி வந்தபோது நான் இல்லை. போய்க் கேட்டாள். நல்ல வீட்டில் இருக்கிறான், எங்கே என்று சொல்ல முடியாது என்றார்கள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. அவள் யாருக்கும் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் விமானச் சத்தம் கேட்கும்போதெல்லாம் துறைக்குப் போவாளாம். பிள்ளையைப் பார்க்க வந்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால், "எனக்குத் தபால் வந்திருக்கா?" என்று கேட்பாளாம். அவளுக்கு யார் தபால் போடப் போகிறார்கள்? வெறும் கையோடு அனுப்ப மனசில்லாமல், விமானம் ஓட்டுகிறவர் ஒவ்வொரு தடவையும் கடைகளில் இனாமாகக் கிடைக்கும் விலைப்பட்டியல் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பாராம். கட்டிலுக்கு அடியில் அவ்வளவு இருக்கிறது. படகு எஞ்சின், புல்வெட்டும் இயந்திரம், கல்யாண உடுப்பு. நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். வில்ஃப்ரெட் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். நீ பேசாதே என்று சொல்லியிருந்தாய், பேசவில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பாய். நானும் நினைத்தேன். மறுநாள் காலையிலும் தட்டை இரண்டு கையால் வைத்துவிட்டு நின்றாள்.

நேற்றுச் சாயங்காலம் நடந்தது இது. இரண்டு வாளித் தண்ணீரோடு உள்ளே வந்தேன். கை இரண்டும் நிறைந்திருந்ததால் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு அடுப்புப் பக்கம் போனேன். கருஈ மொத்தமும் பின்னாலேயே உள்ளே வந்தது. அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தவள் சட்டென்று திரும்பி ஒரு சத்தம் போட்டாள், நாயைத் திட்டுவாளே, அந்தச் சத்தம். வில்ஃப்ரெட் இல்லை, மார்ஜரி இல்லை, மாற்றிச் சொல்ல யாரும் இல்லை. ஆனால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"கதவைச் சாத்துடா. இத்தனை பெரிய ஆளுக்கு கதவு சாத்தத் தெரியல. யாருடா வளத்தா உன்னை?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது. மாவுக்கையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் வாளியோடு நின்றேன். சத்தியமாகக் கிண்டல் பண்ண வேண்டும் என்று இல்லை டெலிமா, கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பாஷையில் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

"வேற ஆளுங்கம்மா" என்றேன்.

முதலில் அவள் தோள்தான் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து வாளியைக் கீழே வைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நல்ல நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, மாவு முகமெல்லாம் அப்பிக்கொள்ள, மூச்சு முட்டச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் அழுதாள், நானும்தான். கருஈ இரண்டு பேரையும் கடித்துக்கொண்டிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "இன்னும் நிக்கிறான் பாரு" என்றாள். "சாத்துடா."

போய்ச் சாத்தினேன்.

கிளைவ்